வாத்தியாரும் விஸ்கியும்



மூன்று வாரமாக எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "சார், நீங்க இப்ப விஸ்கி சாப்பிடறீங்களாமே, நெசமா?" சிலர் சிரிக்கும் பொம்மை போட்டுக் கேட்டார்கள். சிலர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்கள். சித்தப்பா மகன் நேராகவே, "அண்ணா, இந்த வயசுல இது தேவையா?" என்றான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. அதனால் இங்கே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது பொறுத்துக்கொண்டது போல இப்போதும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிஜம்தான். சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்கு முன், 30 மில்லி. அதில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். முக்கால் மணி நேரம் ஆகும். அது விஸ்கியிலேயே போர்பன் என்ற வகை.

61 வயது வரை ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஏன் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. 1971-ல் தமிழ்நாட்டில் சாராயக் கடைகள் திறந்தபோது எனக்குப் பத்து வயது. இந்தியாவிலேயே முதன்முதலாக 1937-ல் ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அதே மாவட்டத்தில், ஆத்தூர்ப் பக்கம், என் அப்பா சேகோ ஆலையில் மூட்டை தூக்கினார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேரே கடைக்குப் போவார். 1974-ல் கடைகளை மூடினார்கள். அதன் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை, ஓடைக்கரைக்குப் போனார். 47 வயதில் மஞ்சள் காமாலை என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தாலியை அடகு வைத்துத்தான் என் கடைசிப் பருவக் கட்டணத்தைக் கட்டியிருந்தாள்.

அதனால் சாராயத்தின் நெடி என்றாலே எனக்கு அப்பாவின் சட்டைதான். அந்த நெடி வாசலில் வந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். பள்ளியில் வருஷாவருஷம் அக்டோபர் 2 அன்று மதுவிலக்குப் பற்றி நான் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அது புத்தகத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு இல்லை.

பிறகு எப்படி இது வந்தது?

2022-ல் மகள் வீட்டுக்குப் போனோம். அவள் இருப்பது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்தில். அந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மக்காச்சோளக் காடு. எனக்கு ஆத்தூர் - பெரம்பலூர் சாலையில் போவது போலவே இருந்தது. நம் ஊர்ச் சோளம் நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது. அவர்கள் ஊர்ச் சோளத்தில் ஒரு பங்கு போர்பனாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லொரெட்டோ என்ற சின்ன ஊரில் உள்ள மேக்கர்ஸ் மார்க் வடிசாலையைப் பார்க்க மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவர் வீட்டில் பாட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. மாமனார் வந்திருக்கிறார் என்று மேல் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்திருந்தாராம். போகிற வழியில் மூன்று முறை, "மாமா, உங்களுக்குச் சங்கடம்னா தோட்டத்துல உக்காந்துக்கலாம்" என்றார். "அப்பாவும் உள்ளே வரட்டும். முப்பது வருஷம் காய்ச்சி வடித்தலைப் போர்டுல படம் போட்டவர். நிஜத்துல ஒருதடவை பாக்கட்டும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் நான் வரைந்த குடுவையும், வளைந்த குழாயும், குளிர்ந்த நீர் உள்ளே போகிற அம்புக்குறியும் ஞாபகம் இருக்கிறதா? அங்கே அது செம்பில், மாடி உயரத்துக்கு நிற்கிறது. பாடம் அதே பாடம்தான். எரிசாராயம் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்.

போர்பனுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தெளிவான இலக்கணம் இருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். புதிய ஓக் மரத்தில் செய்து, உட்புறத்தை நெருப்பில் கருக்கிய கலத்தில்தான் ஊற வேண்டும். நிறமோ வாசனையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாராயம் இருக்க வேண்டும். நான் பார்த்த இடத்தில் 70 பங்கு மக்காச்சோளம், 16 பங்கு கோதுமை, 14 பங்கு முளைகட்டிய பார்லி. முளைகட்டிய பார்லியில் இருக்கும் நொதிகள் மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கேழ்வரகை முளைகட்டினால் ஏன் இனிக்கிறது என்று கேட்பேனே, அதே பதில்தான்.

புளிக்கவைக்கும் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேலான மரத்தொட்டிகள். கூழ் நுரை தள்ளிக்கொண்டு இருந்தது. முந்தைய காய்ச்சலில் மிஞ்சிய புளித்த நீரில் ஒரு பங்கை அடுத்ததில் ஊற்றுகிறார்கள். நம் வீட்டு உறைமோர் போல என்று தோன்றும். ஆனால் இதில் நுண்ணுயிருக்கு வேலை இல்லை, புளிப்புதான் வேலை செய்கிறது. அந்தக் கூடத்தின் வாசனை எனக்குப் பழக்கமானது. ஆத்தூரில் மரவள்ளி மாவு ஊறுகிற தொட்டிப் பக்கம் போனால் வருமே, அந்தப் புளித்த மாவு வாசனை. அப்பா குடிக்காத நாட்களில் அவர் மேல் அடித்த வாசனை அது. நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மாப்பிள்ளை பயந்துபோய், "மாமா, தலை சுத்துதா?" என்றார்.

கடைசியில் ருசி பார்க்கும் அறை. சின்னக் கோப்பைகளில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக ஊற்றி வைத்திருந்தார்கள். வாசனை மட்டும் பார்ப்பதாகச் சொல்லி எடுத்தேன். கண்ணில் நீர் வந்தது, வேறொன்றும் தெரியவில்லை. வழிகாட்டிய அம்மையார் சிரித்துக்கொண்டே, "வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். முதலில் வெல்லப்பாகு வந்தது. அதன் பின்னால் வறுத்த சோளம். இன்னும் பின்னால் கிராம்பு மாதிரி ஏதோ ஒன்று. இது அப்பாவின் சட்டை இல்லை. அது தெரிந்த பிறகுதான் நாக்கில் வைத்தேன்.

ருசி அன்றே வந்துவிடவில்லை. முதல் வாய் வெறும் எரிச்சல். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு வாயில்தான் சாராயமும் கைவைக்கிறது, அதனால்தான் சுடுகிறது. முதல் துளியை வாய் பழகுவதற்கு விட்டுவிட வேண்டும், இரண்டாவது துளியில்தான் பாடம் தொடங்கும். பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் ஏழு வயதில் யாருக்குப் பிடித்தது? பால் இல்லாத காப்பி யாருக்கு முதல் நாளே இனித்தது? நாக்குக்கும் பாடம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

வாத்தியார் புத்தி போகுமா? ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினேன். தேதி, பெயர், வாசனை, நாக்கு, விழுங்கிய பின் மிஞ்சுவது என்று ஐந்து கட்டம் போட்டேன். முதல் மாதம் எல்லாக் கட்டத்திலும் "காரம்" என்றே எழுதியிருக்கிறேன். நான்காவது மாதத்தில் "மலைவாழைப்பழம்", "பழைய நூலக அலமாரி", "பச்சை வேர்க்கடலை" என்று வருகிறது. கோதுமை சேர்த்தது மிருதுவாக இருக்கிறது, கோதுமைக்குப் பதில் ரை என்ற தானியம் சேர்த்தது மிளகு போலக் கடிக்கிறது என்று பிரித்துச் சொல்ல எட்டு மாதம் ஆனது. ஒரு துளி தண்ணீர் விட்டால் அடைபட்டிருந்த வாசனை திறந்துகொள்வதும் அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்த முறை போயிருந்தபோது மகள் எனக்கு ஒரு தேர்வு வைத்தாள். நான்கு தம்ளரில் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, அடியில் க, ங, ச, ஞ என்று ஒட்டிவிட்டாள். மதிப்பெண் போட்டேன். விருந்தாளிகளுக்காக மாப்பிள்ளை பூட்டி வைத்திருந்த விலை உயர்ந்த பாட்டில் மூன்றாம் இடம். 20 டாலருக்கும் குறைவான பாட்டில் முதலிடம். அது 'பாட்டில்ட் இன் பாண்ட்' வகை. 1897-ல் வந்த ஒரு சட்டம் அது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் விஸ்கியில் கண்டதையும் கலந்து விற்றார்கள் என்பதால் அரசாங்கம் முத்திரை கொடுத்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வையில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீதம். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷம். விலையைப் பார்க்காமல் என் நாக்கு பதில் சொல்லியிருக்கிறது என்றால் அது என் சொந்த ருசி. புகை வாசனை அடிக்கிற ஸ்காட்லாந்து விஸ்கியை ஊரே புகழ்கிறது. எனக்கு அது டிங்சர் போட்ட ஆஸ்பத்திரி வார்டு. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு நான் வெட்கப்படுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மரக்கலத்தின் கதை. நிறம் முழுக்க அந்தக் கருகிய மரம் கொடுத்தது. கோடையில் உள்ளே இருப்பது விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் மரத்தின் இனிப்பை எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். நம் பெங்களூரு வெயிலில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம், பத்து சதவீதத்தைத் தாண்டும். அங்கே தயாராகும் அம்ருத் என்ற விஸ்கி 2004-ல் கிளாஸ்கோவுக்கே போய் விற்பனையைத் தொடங்கி நல்ல பெயர் வாங்கியது. ஆனால் இங்கே விற்கும் மலிவு விலை விஸ்கியில் பெரும்பாலானவை தானியத்தில் செய்தவையே அல்ல. சர்க்கரை ஆலையின் மொலாசஸில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியவை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது.

இதை எழுதும்போது அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் ருசிக்காகக் குடிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். ருசி தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உப்பு. பகல் முழுக்க முதுகில் ஏறிய மூட்டைகளை மறக்க அவருக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, முதுகில் வலி இல்லை, முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து வாசனை பார்க்க நாற்காலி இருக்கிறது. ரசனை என்று நான் பெருமையாகச் சொல்வதில் பாதி இந்த வசதிதான். இது என் ஒழுக்கத்தின் வெற்றி என்று நான் எங்கும் பீற்றிக்கொள்ள மாட்டேன்.

இன்னொருவனையும் நினைக்கிறேன். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரன். 38 வயதில் குடியால் போனான். அவன் காரியத்துக்குப் போனபோது அவன் மகள் நம் பள்ளிச் சீருடையில் ஓரமாக நின்றிருந்தாள். அந்தப் பிள்ளையும் இதைப் படிக்கக்கூடும். அவளுக்கும் தலை நிமிர்ந்து சொல்லக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஆகவே பிள்ளைகளே, அக்டோபர் 2 அன்று நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அது 30 மில்லிக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். தொடாதவர்கள் தொட வேண்டாம், நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. முதல் கோப்பை இரண்டாவதைக் கூப்பிடுகிறது என்று உணர்கிறவர்கள், வாத்தியாரே குடிக்கிறார் என்று என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு சொட்டும் ஆகாது. நிறுத்த முடியாமல் தவிக்கிறவர்கள் எந்த நேரமும் எனக்குப் போன் செய்யலாம். பிரம்பு இல்லை, பயப்பட வேண்டாம். டாக்டரிடம் நானே கூட வருகிறேன். ஏற்கெனவே இரண்டு பேரோடு போயிருக்கிறேன்.

கணக்குப் போடுகிறவர்களுக்கு: ஒரு பாட்டில் 750 மில்லி, வாரம் 30 மில்லி என்றால் 25 வாரம். மகள் வரும்போது கொண்டுவருகிற இரண்டு பாட்டில் எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். அளக்கும் கோப்பை என் மனைவியின் கையில். "ஏங்க, இந்த ஒரு தண்ணிக்கு இத்தனை பாடமா?" என்பது அவள் கருத்து. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பாட்டில் படம் போடச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: போட மாட்டேன். பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், எழுத்துப் பிழை இல்லாமல் திட்டவும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்