ஐந்து வோல்ட்டில் எழும்பும் ஃபேன்

"தம்பி, நான் வாசிக்கிறதுக்குப் பின்னால யாரோ மாவரைக்கிற மாதிரி இருக்கு" என்றார் டீச்சர்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மதுரையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறார். தெரு அடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து வாசிப்பார். அவ்வளவு செய்தும் மைக்கில் அந்தச் சத்தம் விழுந்துவிடுகிறது.

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். புணர்ச்சி விதி ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது சத்தம் அடங்கியிருந்தது; வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விடும் இடைவெளியில் கரகரவென்று மேலே வந்தது. காதால் மட்டுமே படிக்கிற பிள்ளைக்கு அந்த இடைவெளிதான் யோசிக்கிற நேரம். அதில் இரைச்சல் இருக்கக் கூடாது என்று எனக்கும் தோன்றியது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது. ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கேபினெட்டின் பின்பக்கத்திலும் வைத்துக் கேட்பது என் வழக்கம். காற்றுச் சத்தம் 'உஷ்'ஷென்று ஒரே சீராக இருக்கும். தேய்ந்த பேரிங் கரகரக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதிகமாகவும், சூடேறி எண்ணெய் இளகியதும் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். 'ஙொய்' என்று மெல்லிய முனகல் கேட்டு, திரையில் பக்கத்தை நகர்த்தும்போது அதன் சுருதி மாறினால் அது போர்டில் இருக்கும் காயில். ஃபேனை மாற்றிப் பயனில்லை. டீச்சர் வீட்டில் குழல் சந்தேகமில்லாமல், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் கையைக் காட்டியது.

அதைக் கடைக்கு எடுத்து வந்தேன். 450 வாட் பெட்டி, 120 மில்லிமீட்டர் ஃபேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். கைப்பழக்கம் உள்ளவர்களே இதில் அடி வாங்கியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து, ஓரமாக வைத்துவிட்டு, மல்டிமீட்டரில் அளந்து, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு வயர்களையும் கெப்பாசிட்டர் கால்களில் வைத்து மிச்சத்தையும் இறக்கிய பிறகுதான் நான் விரலை உள்ளே விடுவேன். பார்த்தறியாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஃபேனை வெளியே எடுத்து, இறக்கையின் நடுக்குமிழை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். அரை மில்லிமீட்டராவது ஆடியது. பின்பக்க ஸ்டிக்கரை உரித்தால், அச்சு சுழலும் புஷ் ஓரத்தில் எண்ணெய் கறுத்து, குங்கிலியம் போல இறுகிக் கிடந்தது. அதில் இலேசாகத் தேங்காய் எண்ணெய் வாசம். யாரோ முன்பு "சரி பண்ணி"யிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரிலேயே உறைகிற சரக்கு; சூட்டில் நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும், அவசரத்துக்கு அது போதும். ஆனால் தேய்ந்த புஷ்ஷில் தேய்ந்தது தேய்ந்ததுதான், எண்ணெய் விட்டு அதை வளர்க்க முடியாது.

புஷ் வைத்த ஃபேனை எஸ்எம்பிஎஸ்ஸில், அதுவும் படுக்கை வசத்தில் போடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. இந்தக் கேபினெட்டில் பெட்டி மேல்பக்கம் இருக்கிறது. ஃபேன் கீழே பார்த்துப் படுத்திருக்கிறது. பிராசஸர் கக்கும் சூடு நேராக அதன் முகத்தில் அடிக்கிறது. அச்சு நட்டுக்குத்தலாக நிற்பதால் இறக்கையின் எடை முழுவதும் ஒரே முனையில் இறங்குகிறது. சூட்டில் எண்ணெய் வற்றுகிறது. மதுரை வெயிலில் அதற்கு ஆயுசு கொஞ்சம்தான். பால் பேரிங் சூட்டைத் தாங்கும், எப்படிப் போட்டாலும் ஓடும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது அதற்கென்று ஒரு மெல்லிய உருளல் ஓசை உண்டு. நாள் முழுக்க ஓடும் பில் போடும் கடைக்கு நான் அதைத்தான் மாட்டுவேன். பதிவு அறைக்கு என்றால், பள்ளங்கள் வெட்டி எண்ணெயைத் தனக்குள்ளேயே சுழற்றிக்கொள்ளும் ஃப்ளூயிட் பேரிங் நல்லது. விலை கூடுதல், காசுக்குத் தகுந்த பொருள்.

பேரிங்கை முடிவு செய்வது எளிது. கஷ்டமெல்லாம் வேகத்தில்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு டிடிபி கடைக்கு நான் செய்த வேலை இன்னும் மனசில் இருக்கிறது. "சத்தமே கேட்கக் கூடாது" என்றார் கடைக்காரர். அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டெசிபல் எண் எதில் குறைவோ அந்த ஃபேனை எடுத்தேன். முழு 12 வோல்ட்டிலும் நிமிடத்துக்கு 800 சுற்று. மாட்டியதும் அவர் பெட்டியில் கையை வைத்துப் பார்த்து, "ஓடுதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பெருமையாக இருந்தது. தை, மாசி நன்றாகப் போயிற்று. சித்திரையில் தினமும் மதியம் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக நின்றது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்தால் வெளியீட்டுப் பக்கத்தில் நான்கு கெப்பாசிட்டர்கள் உச்சி உப்பி நின்றன. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. தெரிந்தும் சத்தத்தை மட்டும் பார்த்தேன். புது எஸ்எம்பிஎஸ் என் கைக்காசில் வாங்கி வைத்தேன்.

ஃபேன் சத்தத்தைக் குறைக்க வேகத்தைக் குறைப்பதுதான் பெரிய வழி. சுற்று பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். காதுக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அதே நேரம் காற்றின் அளவு பாதியாகிறது, தள்ளும் அழுத்தம் கால் பங்காகிறது. கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்கு இது பெரிய விஷயமில்லை. எஸ்எம்பிஎஸ் அப்படியல்ல. ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், காயில், வயர்க்கட்டு என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்துகளில் காற்று புகுந்து வர வேண்டும். அட்டையில் அச்சிட்ட காற்றளவு, எதிரே தடையே இல்லாத இடத்தில் அளந்தது. ஆகவே இந்த வேலைக்கு நான் அழுத்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். டெசிபல் எண்ணை ஒரே கம்பெனியின் இரண்டு ஃபேன்களை ஒப்பிட மட்டுமே நம்புவேன். வேறு வேறு கம்பெனிகள் வேறு வேறு விதமாக அளக்கின்றன.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. எஸ்எம்பிஎஸ் தன் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் கொடுப்பதில்லை. ஹீட் சிங்க்கில் ஒட்டியிருக்கும் தெர்மிஸ்டர் சூட்டைப் பார்த்துச் சொல்ல, அதற்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிறது. டீச்சர் பெட்டியில் குளிர்ந்த நிலையில் அளந்தேன்: 5 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. புது ஃபேன் அந்த வோல்ட்டில் நின்ற நிலையிலிருந்து எழும்பிச் சுற்ற வேண்டும். எழும்பாவிட்டால் சத்தம் இருக்காது, காற்றும் இருக்காது. சூடேறி வோல்ட் கூடும்வரை சும்மா நிற்கும், பிறகு விருட்டென்று கிளம்பும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி நிற்கும்.

கடையில் கிடைத்த ஃபேன்களை மேசையில் வரிசையாக வைத்து, வேரியபிள் சப்ளையில் ஒவ்வொன்றாக மாட்டினேன். பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போய், எந்த வோல்ட்டில் இறக்கை உதறிக்கொண்டு கிளம்புகிறது என்று நோட்டில் குறித்தேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்து வைத்திருந்த 'சைலண்ட்' ஃபேன், 900 சுற்று, 6.5 வோல்ட் வரை அசையவே இல்லை. கலர் விளக்கு வைத்த நான்கு வயர் ஃபேன் ஒன்று. அது 12 வோல்ட்டை நிலையாக வாங்கிக்கொண்டு நான்காவது வயரில் வரும் துடிப்புக்கு வேகத்தை மாற்றும் சாதி, இந்தப் பெட்டியில் அதற்கு வேலையில்லை. மூன்றாவது, 1500 சுற்று ஃப்ளூயிட் பேரிங். 4 வோல்ட் தாண்டியதும் தயங்காமல் கிளம்பியது. 5 வோல்ட்டில் காதருகே பிடித்தாலும் காற்று உரசுவது மட்டும்தான் கேட்டது. அட்டையிலோ மற்ற இரண்டையும்விட இதற்குத்தான் டெசிபல் எண் அதிகம்! அந்த எண் 12 வோல்ட்டுக்கு உரியது. டீச்சர் வாசிக்கும் நேரத்தில் அந்தப் பெட்டி 12 வோல்ட்டைத் தொடப்போவதே இல்லை. தேவைப்படும் நாளில் தொடட்டும். அந்தத் தெம்பு அதனிடம் இருக்க வேண்டும்.

பழைய ஃபேனின் லேபிளில் 0.25 ஆம்பியர், புதியதில் 0.18. குறைவாக இழுத்தால் பயமில்லை, கூடுதலாக இழுத்தால் போர்டில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் சூடாகும். ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே 105 மில்லிமீட்டர், தடிமன் 25, இரண்டும் ஒத்துப்போயின. பிளக் மட்டும் வேறு. பழைய ஃபேனின் இரண்டு பின் பிளக்கை வயரோடு வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி ஈயம் வைத்து, மேலே ஸ்லீவைச் சுருக்கி மூடினேன். மூன்றாவது மஞ்சள் வயர் சுற்றை எண்ணிச் சொல்லும் வயர். இங்கே கேட்க ஆளில்லை, முனையை மூடி மடக்கிவிட்டேன்.

பழைய ஃபேனின் ஒரு பாதியை மூடிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஏதோ பேக்கிங் என்று நினைத்துப் பலர் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது போனால் காற்று பின்பக்கச் சல்லடை வழியே குறுக்குவழியில் வெளியேறிவிடும். முன்பக்கக் காயில்கள் வேகும். அதைக் கழற்றித் துடைத்து, புதிய ஃபேனில் அதே பக்கம் வைத்தேன். காற்றுத் திசையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஸ்டிக்கர் ஒட்டிய, குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது பெட்டிக்குள் பார்க்க வேண்டும்.

மூடியைப் பூட்டி, அவர் கேபினெட்டிலேயே மாட்டி, ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டினேன். பின்னால் வரும் காற்றில் மீட்டரின் வெப்ப முனையைத் தொங்கவிட்டேன். அறை 33 டிகிரி. பழைய ஃபேனோடு 43 காட்டிய இடத்தில் இப்போது 45. இரண்டு டிகிரி கொடுத்து அந்தக் கரகரப்பை நீக்கியிருக்கிறோம். அதற்கு மேல் கொடுக்க எனக்குத் துணிவில்லை. டிடிபி கடையின் நான்கு கெப்பாசிட்டர்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

அன்றிரவே டீச்சர் ஒரு பக்கம் வாசித்துப் பார்த்து போன் செய்தார். "மாவரைக்கிறது நின்னுபோச்சு தம்பி. இப்ப டிக் டிக்னு ஏதோ ஒண்ணு கேட்குது." ஹார்ட் டிஸ்க். ஃபேன் சத்தத்துக்கு அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்தது. மறுநாள் போய் அதன் ஸ்க்ரூக்களுக்கு ரப்பர் வாஷர் போட்டேன். கேபினெட்டின் தகரம் அதிர்வது நின்றது. கேபினெட்டையும் மேசையிலிருந்து இறக்கி, மைக்குக்கு எட்டாத மூலையில் ஒரு தடித்த மிதியடி மேல் வைத்தேன்.

"சித்திரையில ஒரு தடவ வந்து அளந்து பார்த்துடுறேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தேன். போனேன். மதியம் இரண்டு மணி, அறை 38 டிகிரி, பின்பக்கக் காற்று 51. பேப்பர் குழலை வைத்துக் கேட்டேன். ஃபேன் மாட்டிய அன்றைவிட வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் கேட்டேன், சத்தம் ஏதும் கூடியிருக்கிறதா என்று. யோசித்துவிட்டு, இல்லையே என்றார்.