கொடுமுடி அம்மா

நேற்று டிவியில் 'திருவிளையாடல்'. ஒளவையாராக கே.பி. சுந்தராம்பாள் வாயைத் திறந்ததும் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைப் புடவை. அந்த வெள்ளை வேஷத்துக்காக உடுத்தியது இல்லை.

கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண். நாடக மேடையில் நடிகர் கிட்டப்பாவோடு சேர்ந்தார், மணந்தார். 1933இல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு இருபத்தைந்து வயதுதான். அன்றைக்குக் கட்டிய வெள்ளையைக் கடைசி வரை மாற்றவில்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படம் வந்தபோது நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம்! அந்தக் காலத்து ஒரு லட்சம், கவனிக்கவும்.

அரசியலுக்கு அவரை இழுத்தது காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. காங்கிரஸ் மேடையில் முதலில் இவர் பாட்டு, பிறகுதான் தலைவர்கள் பேச்சு. மைக் சரியில்லாத ஊரிலும் கடைசி வரிசை வரை கேட்கிற குரல். பின்னாளில் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குப் போன முதல் ஆள் இந்தியாவிலேயே இவர்தான் என்பார்கள்.

நடிகர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். எம்.ஜி.ஆரில் ஆரம்பிக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கணக்கு கொடுமுடியில் தொடங்குகிறது.