சட்டியா, சிலையா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு மண்கலம், ஈரச்சாக்கு போர்த்தி நிற்கிறது. வயிறு ஒருபக்கம் சரிந்து, கழுத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தண்ணீர் பிடித்துவைக்க உதவாது. நவீன சிற்பம் என்று கண்காட்சிக்குப் போகப்போகிறது.

வடிவத்தை வரைந்தவர் கவின்கலை படித்த ஒரு பெண் சிற்பி. கூட வேலை செய்பவர் பூந்தமல்லிப் பக்கத்துக் குயவர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "சக்கரத்துல இது வராது சார். சக்கரம் வட்டம்தான் குடுக்கும்" என்றார்.

அதனால் எல்லாமே கைக்கட்டு. கட்டைவிரல் கனத்துக்கு மண்ணைத் திரியாக உருட்டி, விளிம்பைக் கீறி, மண்குழம்பு தடவி, சுற்றுமேல் சுற்றாக ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் அடிச்சுவர் பாரம் தாங்காமல் பிதுங்கிவிடும். பெரியவர் உள்ளே இடது கையால் ஒரு வழவழப்பான கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டுகிறார். பானைக்கு அடி தட்டும் அதே வேலைதான். ஓசை மந்தமாகும் இடத்தில் சுவர் கனம் என்று கண்டுகொண்டு மறுபடி தட்டுகிறார்.

"அண்ணா, இந்தத் தோளைக் கொஞ்சம் உள்ள வாங்கலாமா?"

"இன்னிக்கு வேணாம் மேடம். ஈரமா இருக்கு, தொய்ஞ்சிடும். நாளைக்குச் சொன்னபடி கேக்கும்."

மண்ணோடு, சுட்டு நொறுக்கிய மண்தூளும் கலந்திருக்கிறது. அது இருந்தால்தான் சுருக்கம் குறையும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். அப்படியும் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையில் சூடு 100 டிகிரியைத் தாண்டினால் நீராவி சுவரைப் பிளந்துவிடும். அந்தக் கட்டத்தைப் பொறுமையாகக் கடந்த பிறகே 1,200 டிகிரிக்கு மேல் போக முடியும்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. 1888-இல் பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த ஈமப்பேழை, வரிசையாகக் கால்கள் வைத்த சுடுமண் கலம். புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் குதிரைகளும் உள்ளே கூடுவிட்டுக் கையால் எழுப்பியவைதான். 1950-களில் அமெரிக்காவில் மண்கலைஞர் பீட்டர் வோல்கோஸ் பானையைக் கிழித்தும் அடுக்கியும் சிற்பமாக்கினார். 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற மண்கலைஞர்கள் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் இந்தியா முழுக்கப் பரவினார்கள். 2018-இல் ஜெய்ப்பூரில் இந்திய செராமிக் டிரையென்னாலே என்ற மண்கலைக் கண்காட்சி முதல்முறையாக நடந்தபோது, மண் சிற்பத்துக்கு நாடளவில் ஒரு மேடை கிடைத்தது.

மேடை கிடைத்தது நல்லது. ஆனால் கண்காட்சி அட்டையில் சிற்பியின் பெயர், 'ஸ்டோன்வேர்' (அதிகச் சூட்டில் சுட்ட மண்) என்ற சொல், ஆண்டு, விலை, இவ்வளவுதான் இருக்கும். தட்டுப்பலகை பிடித்தவருக்குக் கூலி உண்டு, பெயர் கிடையாது. சிற்பியிடமே கேட்டேன். "கேலரியில ஒரு பேருதான் கேக்குறாங்க" என்றார். பெரியவர் சிரித்தார்: "பேரு போட்டா எம்பொண்ணு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கும்."

கற்பனை சிற்பியுடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த வயிறு சரியாமல் நிற்பது பரம்பரைக் கைப்பழக்கத்தால். சினிமாவில் லைட்மேன் பெயர்வரை திரையில் ஓடவிடுகிற ஊர் நம்முடையது. ஓர் அட்டையில் இரண்டாவது வரிக்கு இடமில்லாமல் போகாது. அடுத்தமுறை மண் சிற்பக் கண்காட்சிக்குப் போனால், கூட வேலை செய்தவர் யார் என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால் அட்டையும் மாறும்.