யாரும் கேட்காத இளங்கொடி

நவம்பர் 6, இரவு

பவுனு இன்றும் சாப்பிடவில்லை. ஈரலை வேகவைத்து நீட்டினால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முந்தாநாள் ராத்திரி ஏழு குட்டி போட்டாள். ஆறு உயிரோடு. கடைசிக் குட்டிக்கு வெகுநேரம் முக்கினாள், அது உயிரில்லாமல் வந்தது. அத்தை துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

குட்டிகளை விட்டு அசையவே மாட்டாள் என்று நினைத்திருந்தோம். நேற்று சாயங்காலத்திலிருந்து எழுந்து வாசல்படிக்குப் போய்ப் போய்ப் படுக்கிறாள். உடம்பு நடுங்குகிறது. கோவில்பட்டிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். மழை. ஆஸ்பத்திரித் திண்ணை முழுக்க நாயும் பூனையுமாக ஆட்கள்.

டாக்டர் நல்ல மனிதர், கோபப்படாதவர். நடுங்குகிறாள் என்றதும், "பால் குடுக்கிற நாய்ம்மா, கால்சியம் இறங்கியிருக்கும்" என்றார். முன்காலில் நரம்பு பார்த்து ஊசியை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயத்துக்கு ஆகாது என்றார். கால்சியம் டானிக் ஒன்று எழுதித் தந்தார். "குட்டி போட்டா ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

திரும்பும் வழியில் இவர் கேட்டார்: "வயித்தத் தொட்டே பாக்கலையே?" அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. காய்ச்சலும் பார்க்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்றுதான் பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 7

நடுக்கம் குறைந்திருக்கிறது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். தேறிவிடுவாள்.

நவம்பர் 8

விடிந்ததும் வராந்தாவில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அத்தை சாக்கை எல்லாம் புரட்டினார். எலி இல்லை. பவுனின் வால் பக்கம் பழுப்பாக, கெட்டுப்போன ரத்தம்போல் ஒழுகியிருந்தது. குட்டிகள் காம்பைப் பிடித்து இழுத்துவிட்டு அழுகின்றன. பால் இல்லை. அவளும் அவற்றை நக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி. இன்று தெர்மாமீட்டர் வைத்தார்கள். 105 டிகிரி. நாய்க்கு 101, 102 இருக்கலாம், இது அதிகம் என்றார் உதவியாளர். டிரிப் ஏற்றினார்கள், ஆன்டிபயாடிக் போட்டார்கள். ஸ்கேன் எடுக்கிறவர் நாளைக்குத்தான் வருவாராம். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கூட்டிவரச் சொன்னார்கள்.

நவம்பர் 9

விடியற்காலை நாலரைக்கு பவுனு போய்விட்டாள்.

நவம்பர் 10

கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தோம். கரிசல் மண் மழையில் ஊறி, மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளை எழுதிவைக்க வேண்டும். கன்னி நாய். கருப்பு உடம்பு, கால்களிலும் மார்பிலும் பழுப்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே ஒவ்வொரு பொட்டு. அந்தப் பொட்டுக்காகத்தான் பாப்பா பவுனு என்று பெயர் வைத்தாள். கிடை போடுகிற பெரியவர் ஒருவர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. முயலைப் பார்த்துவிட்டால் காட்டில் அவளைப் பிடிக்க முடியாது. வீட்டுக்குள் வந்தால் இருக்கிற இடம் தெரியாது. அந்நியர் கை பட்டால் உடம்பை ஒடுக்கிக்கொள்வாள், கடிக்க மாட்டாள். ஆஸ்பத்திரி மேஜையிலும் அப்படித்தான் ஒடுங்கி நின்றாள். வயிற்றைத் தொட்டிருந்தால் தொடவிட்டிருப்பாள். வாலைத் தூக்கிப் பார்த்திருந்தால் பார்க்கவிட்டிருப்பாள்.

நவம்பர் 12

தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கொரு முறை பால். பசும்பால் கொடுக்கக்கூடாதாம். நாய்ப் பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காம். குட்டிகளுக்கென்று விற்கிற பால்மாவை இவர் திருநெல்வேலி வரை போய் வாங்கி வந்தார். விலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பால் கொடுப்பதைவிடப் பெரிய வேலை சூடு காப்பது. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு. அட்டைப்பெட்டிக்கு மேல் குண்டு பல்பு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் அதுவே ஆளைக் கொன்றுவிடும், முதலில் சூடேற்ற வேண்டும். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புறப் படுக்கவைத்துத்தான் புகட்ட வேண்டும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றடியை வருடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரம்கூடப் போகாது. பவுனு நாக்கால் செய்ததை எல்லாம் மூன்று பேர் முறை போட்டுச் செய்கிறோம்.

சின்னது இன்று மதியம் செத்துப்போயிற்று. மீதி ஐந்து.

நவம்பர் 13

அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். குட்டிகளுக்காகப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் கேட்கத்தான் போனேன்.

காலை எட்டு மணிக்கே ஆடுகள் நிற்கின்றன. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி. ஒரு கிடாயைப் பிடிக்க மூன்று பேர். அந்தச் சத்தத்துக்கு நடுவே அங்கிருந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, நான் சொல்வதற்கு முன்னால் தான் கேட்டார். கடைசிக் குட்டிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அது செத்துத்தானே வந்துச்சு? இளங்கொடி எத்தனை விழுந்துச்சு? அழுக்கு என்ன நிறம்? நாற்றம் இருந்துச்சா? என்றைக்கு ஆரம்பிச்சுச்சு?

இந்தக் கேள்விகளை முதல்முறையாகக் கேட்கிறேன். ஒருவர் என் நாயைப் பற்றி முழுசாக விசாரிக்கிறார், நாய்தான் இல்லை.

அவர் சொன்னதை நினைவில் உள்ளவரை எழுதுகிறேன். குட்டி போட்ட பிறகு அழுக்குப் போவது இயல்பு. முதலில் கரும்பச்சையாக, பிறகு செங்காவியாக, மூன்று வாரம் வரைகூடப் போகலாம். நாற்றம் மட்டும் இருக்கக்கூடாது. நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் கர்ப்பப்பையில் கிருமி. பிரசவம் இழுத்துக்கொண்டு போனாலோ, குட்டி செத்து வந்தாலோ, உள்ளே ஏதாவது தங்கிவிட்டாலோ அது வரும். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும். கால்சியம் இறங்குவது வேறு. அது அநேகமாகப் பால் நிறையச் சுரக்கிற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், அதிலும் சின்ன இன நாய்களுக்குத்தான் அதிகம். கால் விறைக்கும், தசை துடிக்கும், மூச்சு வாங்கும். உள்ளே தங்கியதை வெளியே தள்ள ஒரு ஊசி உண்டு. பிரசவமான ஓரிரு நாளுக்குள் போட்டால்தான் கர்ப்பப்பை அதற்குக் கட்டுப்படும்.

ஓரிரு நாள். நாங்கள் போனது இரண்டாம் நாள்.

"அப்ப அன்னைக்கே பாத்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நான் அன்னைக்கு உங்க நாயப் பாக்கலையே அம்மா. பாக்காம எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு, உடலைக் கொண்டுபோயிருந்தால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்து காரணத்தைச் சொல்லியிருப்பார்கள் என்றார். நாய்க்கு அப்படி ஒன்று செய்யலாம் என்று எட்டாம் தேதி எங்களை அனுப்பிவைத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நவம்பர் 14

மழை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 16

கார்த்திகை பிறக்கப் போகிறது. அத்தை வராந்தாவைக் கழுவிவிட்டு உட்கார்ந்து தானாகப் பேச ஆரம்பித்தார். அவர் பிறந்த வீட்டில் பசு ஈன்றால் இளங்கொடி விழும்வரை ஒருவர் தொழுவத்திலேயே உட்கார்ந்திருப்பார்களாம். மாடு தின்றுவிடாமல் எடுத்து, வைக்கோலில் பொதிந்து, ஆலமரத்துக் கிளையில் கட்டிவிட்டு வருவார்களாம். கண்மாய்க் கரையில் எதிர்ப்படுகிறவர் எல்லாரும் "கொடி விழுந்துட்டா?" என்றுதான் கேட்பார்களாம். அரை நாளாகியும் விழவில்லை என்றால் வைத்தியரைக் கூப்பிட ஆள் ஓடும்.

"நாய்க்கு ஆரு தாயி கேப்பா? அது தின்னுரும். தின்னுட்டா விழுந்துட்டுன்னு அர்த்தம்."

ஏழு குட்டிக்கு எத்தனை என்று டாக்டரம்மா கேட்டபோது நான் திகைத்து நின்றது ஞாபகம் வந்தது. பால் கறக்கிற மாட்டுக்கு ஊரே கணக்கு வைத்திருந்தது. பிறகு அத்தை தன் கதைக்கு வந்தார். இவர் பிறந்தபோது காய்ச்சல் கண்டு பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். இதுவரை என்னிடம் சொன்னதில்லை. "பச்ச ஒடம்பு. மருத்துவச்சி வந்து வயித்த அமுக்கிப் பாத்துட்டு, உள்ள என்னமோ நிக்கின்னு சொன்னா. வண்டி கட்டிக் கொண்டுபோனாக." அதோடு நிறுத்திக்கொண்டு காபி போட எழுந்து போனார்.

நவம்பர் 17

மூன்று குட்டிகள் கண் திறந்துவிட்டன! நீலப் புகை படிந்த கண். பாப்பா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஒரே அழுகை.

நவம்பர் 18

கிடைக்காரப் பெரியவர் வந்தார். பக்கத்து ஊரில் ஒரு நாய் அதே வாரத்தில் குட்டி போட்டு, இரண்டுதான் தங்கியிருக்கிறதாம். நம் குட்டிகளில் மெலிந்த இரண்டை மடியில் கட்டிக்கொண்டு போனார். அந்த நாயின் பாலைப் பீய்ச்சி இவற்றின் முதுகில் தடவி, அதன் குட்டிகளோடு உரசி வைத்தால் வாடை ஒன்றாகிவிடும், ஏற்றுக்கொள்ளும் என்றார். ராத்திரி போன் செய்தார். ஏற்றுக்கொண்டது. நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

நவம்பர் 22

இன்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் வேண்டாம் என்றார். சண்டை போடப் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆனால் போகிற வழியெல்லாம் சண்டைக்கான வாக்கியங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் குறைந்த மதியம். பவுனின் சிகிச்சைக் குறிப்பு வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பில் புத்தகம் இருந்தது. தேதி, தொகை, 'நாய் – ஊசி'. அவ்வளவுதான். தடுப்பூசி போட்ட நாய்களுக்கு மட்டும் அட்டை உண்டாம்.

"காய்ச்சல் ஏன் சார் பாக்கல?"

"பாத்திருக்கணும்தான். ஆனா பாத்திருந்தாலும் அது ஒண்ண வச்சே சொல்லியிருக்க முடியாதும்மா. கால்சியம் இறங்கினாலும் காய்ச்சல் அடிக்கும். கிருமி இருந்தாலும் அடிக்கும். நடுக்கமும் ரெண்டுலயும் வரும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாக் கோபத்தையும் அந்த தெர்மாமீட்டர் மீதுதான் ஏற்றிவைத்திருந்தேன். அவர் சொல்வது உண்மை என்று பிறகு டாக்டரம்மாவும் போனில் சொன்னார்.

"அப்ப வயித்தத் தொட்டிருக்கலாமே. வால் பக்கம் பாத்திருக்கலாமே. ரத்தம் எடுத்துக் கால்சியம் எவ்வளவுன்னு பாத்திருக்கலாமே."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "குட்டி போட்ட நாய இங்க யாரும் அதிகமா கொண்டாரதில்லம்மா. காட்டுல போடும், தானா எந்திரிக்கும், இல்லன்னா செத்துப்போகும். எங்கிட்ட வர்றது ஊசி போடுற நாய், அடிபட்ட நாய். குட்டி போட்டது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தா அதிகம்." கொஞ்சம் பொறுத்து, "குட்டிங்க எப்படி இருக்கு?" என்றார்.

பாப்பா சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிய எடைக் கணக்கு என் பையில் இருந்தது. வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறந்த எடை பத்து நாளில் இரண்டு மடங்காக வேண்டும், ஒன்று மட்டும் பின்தங்கியிருக்கிறது, அதற்கு ஒரு வேளை கூட்டுங்கள் என்றார். பூச்சி மருந்து எடைக்குத் தக்கபடி எத்தனை சொட்டு என்று தாளில் எழுதித் தந்தார். பணம் வாங்கவில்லை.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கோபம் மறுபடி மேலே வந்தது. இந்தத் தாளைப்போல ஒன்றை ஆறாம் தேதி பவுனுக்கு எழுதியிருந்தால்? அவர் கெட்டவர் இல்லை. அது எனக்கு உதவியாகவும் இல்லை.

நவம்பர் 25

தவிடு நிறக் குட்டி தட்டிலிருந்து தானே நக்கிக் குடித்தது. மூன்று வாரம்.

நவம்பர் 26

பவுனு கனவில் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்துப் படுக்கிறேன்.

டிசம்பர் 4

மாநில கால்நடை மருத்துவ மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது நான்கு பக்கம், முழுக்கக் குற்றச்சாட்டு. கிழித்துவிட்டேன். இரண்டாவதில் அந்த டாக்டரின் பெயர் இல்லை. குட்டி போட்ட ஒவ்வொரு நாய்க்கும் பார்த்தது என்ன, பார்க்காதது என்ன, எதை நினைத்து என்ன மருந்து கொடுத்தோம் என்று ஒரு தாள் எழுதி, அதன் நகலை வளர்ப்பவரிடம் தர வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பெயர் இல்லாத புகாரை அவர்கள் என்ன செய்ய முடியும் என்று இவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பெயரைச் சேர்த்தால் பூச்சி மருந்து எழுதித் தந்த கையும், பவுனின் வயிற்றைத் தொடாத கையும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. கடிதம் இன்னும் உறைக்குள் போகவில்லை.

அத்தை சொல்கிறார், அனுப்பு, இன்னொரு நாய்க்காவது ஆகும் என்று.

அனுப்புவதோ அனுப்பாததோ என் முடிவு. அதற்குக் காத்திராமல், நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டி போடும்போது ஒருவர் பக்கத்திலிருந்து, எத்தனை குட்டி, எத்தனை கொடி, எத்தனை மணிக்கு என்று எழுதிவையுங்கள். தாய் ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தாலும், குட்டிகளை விட்டு விலகிப் படுத்தாலும், அழுக்கில் வாடை வந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். காய்ச்சலைப் பார்க்கச் சொல்லுங்கள், வயிற்றை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வாலைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி வாங்காமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள்.