கோலின் மறுமுனை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலை நமக்கு நன்கு பழகியது. கல்வராயன் மலைமேல் உள்ள ஒரு சிற்றூருக்கு மாதம் ஒருமுறை திருப்பலி நிறைவேற்றச் செல்கின்றோம். சாமையும் மரவள்ளியும் விளையும் கொல்லைகள், அவற்றின் நடுவே சில வீடுகள், அவ்வளவே ஊர். அங்கே தவறாமல் முன்வரிசையில் வந்தமரும் முதியவர் ஒருவருக்கு இரு விழிகளிலும் பார்வை இல்லை. அவர் கையில் ஒரு மூங்கிற்கோல். கோலின் மறுமுனை அவருடைய பேத்தியின் கையில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று மறையுரையின் நடுவே அச்சிறுமியை எழுந்து நிற்கச் சொன்னோம். பிள்ளையன்புக்கு இவளே சான்று என்று புகழ்ந்தோம். மக்கள் கைதட்டினர். அவள் தலைகுனிந்து நின்றாள். நாணம் என்று எண்ணிக்கொண்டோம்.

அந்நாள்களில் இங்கிலாந்தில் பணியாற்றும் குரு நண்பர் ஒருவர் விடுமுறையில் நம்மோடு தங்கியிருந்தார். அவருடைய பங்கில் ஒரு குடும்பம், பார்வையற்றோர்க்கு வழிகாட்டப்போகும் நாய்க்குட்டி ஒன்றை ஓராண்டுக்கு மேல் வளர்த்து, பின்னர் கண்ணீரோடு பயிற்சி நிலையத்தில் ஒப்படைத்ததாம். நமக்கு வியப்பு மேலிட்டது. ஆர்வத்தோடு அதுபற்றிப் படிக்கலானோம்.

வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளி நடத்திய யோகான் வில்லெம் கிளைன் 1819இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கென நாயைப் பழக்கும் முறை காணப்படுகிறது. எனினும் முதல் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் செருமனியின் ஓல்டன்பர்க் நகரில்தான் முறையான பள்ளி எழுந்தது. இச்செய்தியை டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1927இல் ஒரு வார இதழில் எழுத, பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க் அவருக்கு மடல் வரைந்தார். 1928இல் சுவிட்சர்லாந்து சென்று, ‘படி’ என்ற நாயோடு தாயகம் திரும்பினார். மறு ஆண்டே அமெரிக்காவில் ‘சீயிங் ஐ’ அறநிறுவனம் பிறந்தது. இங்கிலாந்தில் 1931இல் நான்கே நாய்களோடு தொடங்கிய பணி, 1934இல் சங்கமாக உருப்பெற்றது.

நாய் வழியறிந்து அழைத்துச் செல்கிறது என்றே நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. வழியை மனத்தில் வைத்திருப்பவர் மனிதரே. இடப்புறம், வலப்புறம் என ஆணையிடுபவரும் அவரே. பள்ளம், படி, கம்பம் ஆகியவற்றைக் காட்டுவதும் விலக்கி நடத்துவதும் நாயின் வேலை. ‘போ’ என்று ஆணையிட்டாலும், எதிரே வண்டி வந்தால் அது நகராது. பணியாமலிருக்க வேண்டிய நேரத்தைக் கற்பதே அதன் பயிற்சியில் அரிய பகுதியாம். ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்த நாம் அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டோம் என்பதை மறைப்பானேன்?

இவற்றையெல்லாம் உணவு வேளையில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் கேட்டார்: “அங்கே நாய் செய்கிற வேலையை உங்கள் மலையில் யார் செய்கிறார்கள்?”

நமக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை மலைக்குச் சென்றபோது சிறுமியிடம் விசாரித்தோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. “மறுபடி போகணும்னு வீட்டுல சொல்லலாம்னு இருந்தேன் சாமி. அன்னைக்கு எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?” என்றாள். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “போகச் சொல்ல எனக்கும் மனசு வரலியே சாமி” என்றார்.

தோபித்து நூலை நாம் குருமடத்தில் பாடமாகவே படித்திருக்கிறோம். அதில் பார்வையிழந்த தந்தையும் உண்டு, நாயும் உண்டு. ஆனால் நாய் தந்தையிடம் தங்கவில்லை. பயணம் போகும் மகனோடு போகிறது. மகனை அனுப்பி வைப்பவரோ அந்தப் பார்வையற்ற தந்தையே. இத்தனை ஆண்டுகள் இது நம் கண்ணில் படவில்லை.

வழிகாட்டி நாய் மலைக்கு ஒத்துவராது. பன்றி விரட்ட வளர்க்கும் நாய்கள் புதிய நாயை ஊருக்குள் விடா. அத்தகைய நாய்களைப் பழக்கித் தரும் பணியும் நம் நாட்டில் வேரூன்றவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரை அழைத்துச் சென்றோம். நெஞ்செலும்பு உயரத்திற்கு வெள்ளைக்கோலை அளந்து, வலக்கால் முன்வைக்கையில் கோல் இடப்புறம் தட்ட வேண்டும் என்று கற்பித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ரிச்சர்டு ஹூவர் என்பவர் வீரர்களுக்காக வகுத்த முறை அது. பாறைப் பாதையில் கோல்முனை அடிக்கடி சிக்கியது. முதியவர் இருமுறை விழுந்தார். ஒருமுறை நம்மையும் வைதார். வெள்ளைக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் மூங்கிலையே அளவாக வெட்டித் தரச் சொன்னார். மூன்று மாதத்தில் கோவிலுக்கும் தேநீர்க் கடைக்கும் தனியே வந்து போனார்.

சிறுமி உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். உடன் படிப்போரைவிட இரண்டு வயது மூத்தவள். சென்ற விடுமுறையில் திருப்பலி முடிந்ததும், பழைய வழக்கப்படி கோலின் முனையைப் பற்றக் கை நீட்டினாள். தாத்தா கோலைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவரும் பேசாமல் முன்பின்னாக நடந்தனர். ஓடையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று, கோலை அவர் பக்கவாட்டில் நீட்டினார்.