சாம்பல் நிறப் பஞ்சு

புரட்டாதிக் கடைசியில் குருவிப் பெட்டியைக் கழற்றித் துப்புரவாக்குவது என் வழக்கம். இந்த முறை மூடியைத் திறந்தால், காய்ந்த புல்லுக்கு மேலே கிண்ணம்போல் குழிந்து சாம்பல் நிறப் பஞ்சு. தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் நாய் வெள்ளியனின் மயிர். அவன் செத்தது தையில். இது வைகாசியில் கட்டிய கூடு. கொட்டில் மூலையில் கிடந்த சாக்கிலிருந்து பனிக்குருவி இழுத்திருக்கும்.

சாக்கு எப்படி வந்தது என்றால், எறிய மனம் வராமல் சேர்ந்தது. ஹஸ்கி நாய்க்கு இரண்டு அடுக்கு உரோமம்: மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் ஆட்டுக் கம்பளிபோல் நெருங்கிய பஞ்சு. ஆண்டுக்கு இருமுறை அந்தப் பஞ்சு கொத்துக் கொத்தாகக் கழலும். சீப்பை ஒருமுறை இழுத்தால் கை நிறையும். சோற்றில், சப்பாத்தில், கோயிலுக்கென்று பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியிலும்கூட இருக்கும்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற கோடையில் அவனைப் பார்த்துப் பதறிவிட்டா. "தம்பி, நாய்க்குச் சொறி பிடிச்சிட்டுது. வேப்பெண்ணெய் பூசு."

"சொறி இல்லையம்மா, குளிர்ச்சட்டையைக் கழட்டுது."

"அப்ப மொட்டை அடிச்சு விடன், பாவம்."

மொட்டை அடிக்கக் கூடாது. மேல்மயிர் வெயிலையும் தடுக்கும். வெட்டினால் பழையபடி வளராமலும் போகலாம்.

நாங்கள் இருப்பது போட்ஸ்ஃபியூர், வடநோர்வேயின் பாரென்ட்ஸ் கடற்கரை. எண்பதுகளில் இங்கே மீன் தொழிற்சாலைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். மே நடுவில் இங்கே சூரியன் மறைவதை நிறுத்திவிடும். ஆனால் பனி கிடக்கும். வெள்ளியன் அந்தப் பனிமேல் நின்றுதான் மயிர் உதிர்ப்பான். பொழுது நீளும் கணக்கு அவன் தோலுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது பிடிபடப் பல வருடம் பிடித்தது. நடுச்சாமத்து வெயிலில் நித்திரையின்றி முற்றத்தில் நிற்பேன். அவனும் வந்து நிற்பான். சீவி விடுவேன்.

அவனைத் தந்தவர் தொழிற்சாலையில் என்னோடு மீன் வெட்டியவர். அவர் குசினிச் சுவரில் லியோன்ஹார்ட் செப்பாலாவின் படம். 1877இல் எங்கள் பக்கத்து மாகாணத்தில் பிறந்து அலாஸ்கா போனவர். 1925இல் நோம் நகரத்துப் பிள்ளைகளைத் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து காக்க, 20 பேர் மாறி மாறி நாய்வண்டிகளில் ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் மருந்து கொண்டுபோனார்கள். ஆபத்தான நெடுவழி செப்பாலாவுக்கும் டோகோ என்ற நாய்க்கும் விழுந்தது. அந்த நாய்களின் மூதாதைகளை வளர்த்த சைபீரியாவின் சுக்சி மக்கள், கோடையில் அவற்றை அவிழ்த்து விடுவார்கள் என்று வெள்ளியனைத் தந்தவர் சொல்வார். தம் இரையைத் தாமே பிடித்துத் தின்னுமாம்.

அந்தக் கோடை வெள்ளியனுக்குள் எப்போதும் இருந்தது. பனிக்கடியில் லெமிங் எலி நகர்வதைக் காதாலேயே பிடிப்பான். தலையைச் சரித்துக் கேட்டு, நாலு காலும் எழும்பிப் பாய்வான். ஒருமுறை பறக்கப் பழகிய பனிக்குருவிக் குஞ்சொன்றை மகளின் முன்னாலேயே விழுங்கினான். அவள் இரண்டு நாள் அவனைத் தொடவில்லை.

ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து ஓகஸ்ட் 20 வரை, நோர்வேயில் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு மே மாதம் கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டான். அங்கே ரெயின்டியர் மான்கள், கன்று ஈனும் காலம். மான்களைத் தாக்கும் நாயை வேறு வழியில்லாவிட்டால் கொல்லவும் சட்டம் விடும். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் நான் பனியில் குந்திவிட்டேன். மான் மேய்க்கும் சாமி இனத்தவர் ஒருவர், பனிவண்டியில் அவனைக் கயிற்றோடு கொண்டுவந்தார். மானுக்குக் காயமில்லை. "இறுக்கமான பட்டி வாங்கு" என்றார், அவ்வளவுதான். நாயைத் திட்டவில்லை. நானும் அதற்குப் பிறகு ஒருநாளும் திட்டவில்லை. அடுத்த நாளே பட்டி வாங்கினேன்.

கூட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பஞ்சுக்குள் ஒரு முட்டையோட்டுத் துண்டு, கபிலப் புள்ளியோடு, ஒட்டிக்கொண்டிருந்தது.