கிணறு குளமான கதை

பிழையில்லாமல் எழுத ஒரு சுலபமான வழி இருக்கிறது: சந்தேகமான சொல்லை எழுதாமல் விட்டுவிடுவது. பிள்ளைகள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா பையன், தாத்தா வீட்டுக் கிணற்றில் ஆமை கிடந்த கதையைக் கால் மணி நேரம் சொன்னான். அது வாளியில் ஏறி வந்தது, பாட்டி அலறியது எல்லாம் அதில் இருந்தது. அதையே கட்டுரையாக எழுதியபோது ஆறு வரிதான். ஆமையும் குளத்தில் இருந்தது.

"ஏன்டா குளம்?"

"கிணறுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வான்னு தெரியல மாமா. தப்பாப் போட்டா அரை மார்க் போயிடும்."

குளத்தில் ஆமை இருந்தால் அதில் என்ன கதை?

இம்போசிஷன் வேண்டாம்னு முடிவு பண்ணி, ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு சில வழிகளை முயன்றோம். மூணு சுழி, ரெண்டு சுழி என்றே பழகியவனுக்கு எழுத்துகளின் பழைய பெயர்களைச் சொன்னேன்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயருக்குள்ளேயே விதி இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் (நண்டு), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). மூன்றையும் சொல்லிப் பார்த்து நாக்கு எங்கே படுகிறது என்று கவனித்தோம். மனப்பாடம் தேவைப்படவில்லை.

அடுத்தது தெரு. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. இந்த ஒரு விதியோடு கிளம்பினால் 'பயிற்ச்சி', 'முயற்ச்சி' எல்லாம் பலகைகளில் தானாகக் கண்ணில் படும். போனில் படம் எடுக்கலாம், யாரிடமும் காட்டிச் சிரிக்கக் கூடாது. பலகை எழுதியவரும் ஒரு காலத்தில் அரை மார்க்குக்குப் பயந்தவராக இருக்கலாம்.

ஒற்றுக்குப் படம் வரைந்தோம். 'முருகன் வேலை கொடுத்தான்' என்றால் ஒருவருக்குச் சம்பளம் வரும். 'முருகன் வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் ஆயுதம் இருக்கும்.

நிறுத்தற்குறிக்கு அவன் குரலையே பதிவு செய்தோம். 'வராதே, சொல்லாமல் போய்விடு' என்று ஒரு தடவை. 'வராதே சொல்லாமல், போய்விடு' என்று இன்னொரு தடவை. கேட்டுவிட்டு, மூச்சு நின்ற இடத்தில் அவனே குறி போட்டான்.

நான் பார்க்கும் வேலையில் நாள் முழுக்கப் பிழைதான். ஒரு செமிகோலன் விட்டால் கம்பைலர் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். திருத்தினால் ஓடும். பழைய தப்புக்கு அது கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அங்கிருந்துதான் கடைசி வழி வந்தது: சந்தேகம் வந்தால் சொல்லை மாற்றாதே, பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு மேலே எழுது. முடித்த பிறகு அகராதியை எடுத்துக்கொள்ளலாம். இப்போது அவன் தாளில் வட்டங்கள் கூடியிருக்கின்றன, வரிகளும்தான்.

பரீட்சையில் வட்டத்துக்கு இடமில்லை. அரை மார்க் போகத்தான் போகிறது, அக்காவுக்கு அதில் வருத்தம். ஆனால் சிவப்புப் பேனா எழுதிய தப்பை மட்டும்தான் எண்ணும். பயந்து விட்டுவிட்ட சொற்கள் அதற்குத் தெரியாது. அதனால் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்புவரை வட்டம் இருக்கட்டும் என்று அக்காவிடம் பேசி வைத்திருக்கிறேன்.